முப்பது கழியாத தலைக்கு ஒரு குல்லா

இராக்கம்மா அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். பின்னிக்கொண்டிருப்பதை மடியில் வைத்து, நூல் நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு நாள் வேலை இரண்டு நிமிடத்தில் அவிழ்ந்து காலடியில் குவிந்து கிடக்கும். சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கோபம் வந்தால் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் கைப்பிள்ளைகளை ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறவள் நான். பெயர் றீட்டா. எட்டுப் பிள்ளைகள் ஒன்றாக அழும்போது அதற்கு மேலே எழும்பப் பழகிய தொண்டை இது. இனி இறங்காது.

அக்கா இந்தக் கொக்கி ஊசி வேலையைத் தோட்டத்தில் கற்றவரல்ல. ஜோர்தானில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாளாம். ஒருத்தி பாஷை மற்றவளுக்குத் தெரியாது. கையைப் பார்த்துக் கை கற்றுக்கொண்டது. அக்கா திரும்பி வந்தபோது புருஷன் மாரிசாமி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தோள்வலியால் கூடை சுமக்க முடியாது என்று தோட்டத்தில் பெயர் பதியவும் இல்லை. "பதினோரு வருசத்துல நான் கொண்டாந்தது இந்த ஊசி மட்டுந்தான் றீட்டா" என்பார். அதில் மிகை ஒன்றுமில்லை.

பதுளை பஜாரில் நூலும் பொத்தானும் லேசும் விற்கும் கடை வைத்திருக்கிறார் லரீபா. வெளிநாட்டில் இருக்கும் சிலர் ஒன்றுசேர்ந்து நல்ல மெதுவான கம்பளி நூலாக வாங்கி அவருக்கு அனுப்புகிறார்கள். அதை அவர் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பிரித்துக்கொடுத்து, பின்னியதை வாங்கி இரண்டு இடங்களுக்குக் கொடுப்பார். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளுக்குக் குல்லா ஒன்று. அது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் அன்று தாயின் கையில் கிடைக்கும். இன்னொன்று, பண்டாரவளைப் பாதையில் இருக்கும் நாய்க் காப்பகத்துக்குச் சுவெட்டர்.

நாய்க்குச் சுவெட்டர் பின்னுகிறவரைத் தோட்டம் சும்மா விடுமா? பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அதே பேச்சுத்தான். "மனுசனுக்கே போத்த கம்பளி இல்ல, நாய்க்குச் சட்டையாம்!" அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவார். நான் நின்று பதில் சொல்லிவிட்டு வருவேன். அதனால் எனக்குத்தான் சண்டைக்காரி என்ற பெயர்.

ஆனால் நாய்கள் உடனே போட்டுக்கொண்டன. மூன்று காலோடு நிற்கும் ஒரு செம்பட்டை நாய், அக்கா பின்னிய சிவப்புச் சுவெட்டரில் துரை மாதிரி நிமிர்ந்து பார்க்கும் படம் லரீபாவின் போனிலிருந்து வந்தது. அப்புறம் இரண்டு குட்டிகள், அப்புறம் ஒரு கிழட்டு நாய். பிள்ளைகளின் படம்தான் ஒன்றுகூட வரவில்லை. இரண்டு வருடத்தில் அக்கா மட்டும் அறுபத்து நான்கு குல்லா பின்னிக் கொடுத்திருக்கிறார்.

"அனுப்புறவங்க கேக்குறாங்க அக்கா," என்றார் லரீபா, ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை போனில். "குல்லா போட்ட புள்ளைட போட்டோ ஒண்ணு சரி அனுப்புங்க. உங்க தோட்டத்துலயே மூணு புள்ளைங்களுக்குக் குடுத்திருக்கே."

அந்த ஞாயிறு, நான் மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த பிறகு இருவருமாகக் கிளம்பினோம். மலையில் பனி அன்று பத்து மணியாகியும் விலகவில்லை. முதல் வீட்டில் குல்லா இருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு பொம்மைக் கரடியின் தலையில் இருந்தது. இரண்டாவது வீட்டில் பெட்டியைத் திறந்து, பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். இரண்டு தாய்மாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். "பத்திரமா வச்சிருக்கோம் அக்கா. முப்பது கழியட்டும்னு இருந்தோம், அதுக்குள்ள பத்தாமப் போயிருச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இது எங்களுக்குத் தெரியாத சங்கதியா? பிறந்த பிள்ளைக்கு முப்பது நாள் கழியும்வரை புதுத்துணி போடக் கூடாது. நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளை போட்டுக் கழித்த பழையதைத்தான் போட வேண்டும். புதுசு போட்டால் கண் விழும், பிள்ளை தங்காது என்பார்கள். வேதக்காரியான நானே என் மூன்று பிள்ளைகளையும் பழைய சேலைத் துண்டில்தான் சுற்றினேன். இருந்தும் இரண்டு வருடமாக அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொடுத்த எனக்கு, குல்லாவும் துணிதான் என்று உறைக்கவே இல்லை. அக்காவுக்கும் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தால் போட்டுவிடுவார்கள் என்று இருவரும் மடைச்சிகளாக இருந்துவிட்டோம்.

மூன்றாவது வீட்டை அக்கா கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே நிச்சயம் தலையில் இருக்கும் என்று நம்பிக்கை. அது அவருடைய தம்பி மகள் நிரஞ்சலாவின் வீடு. மாதம் நிறையாமல் ஒன்றரை மாதம் முந்திப் பிறந்த பெண்பிள்ளை. பிறக்கும்போது ஒரு கிலோ அறுநூற்றைம்பது கிராம். பதினாறாவது நாள் ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராமோடு வீட்டுக்கு வந்தது. அதற்கென்றே நீல நூலில் வெள்ளைக் கரை வைத்துப் பின்னிய குல்லா.

நிரஞ்சலா பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பிள்ளையின் தலையில் பழைய வேட்டித் துண்டு ஒன்று, அதுவும் நழுவிக் கழுத்தில் கிடந்தது.

"ஏன் மதினி, புள்ள தலையத் தொறந்து போட்டிருக்கீங்க? குல்லா எங்க?" என்று அக்கா நிரஞ்சலாவின் மாமியார் பெரியாயியைக் கேட்டார்.

"இந்தா இருக்கு." சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய பையைப் பெரியாயி காட்டினார். "முப்பது கழியட்டும். போட்டுக்கலாம்."

"அதுக்கு இன்னும் பதிமூணு நாளு கெடக்கு. இந்தக் குளுருக்குப் புள்ள தாங்குமா?"

"பழைய குல்லா ரெண்டு வச்சிருக்கேன் மதினி. போட்டா மூக்கு வரைக்கும் எறங்குது. என்ன செய்யச் சொல்றீங்க?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், பிள்ளை பெருசா பழக்கம் பெருசா என்று பிடித்துவிட்டேன். பெரியாயி என்னைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்.

"என் மொதப் புள்ளைக்கு பொறந்த அன்னைக்கே புதுச்சட்ட போட்டேன் டீச்சர். தொரை வீட்டுல குடுத்த சட்டை. ஆசையா இருந்துச்சு. பன்னெண்டாம் நாளு அதே சட்டையோட பொதைச்சோம். நீங்க படிச்சவங்க. சட்டையால இல்லன்னு சொல்லுவீங்க. நான் அந்தக் குழிய பாத்தவ."

அவர் கெட்ட மாமியாராக இருந்தால் சண்டை சுலபமாக இருந்திருக்கும். மருமகளை ஒரு துரும்பு எடுக்க விடவில்லை. விறகு, தண்ணீர், சமையல் எல்லாம் தானே. அந்த மனுஷியிடம் கத்தவும் முடியவில்லை, கத்தாமல் இருக்கவும் முடியவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்தேன்.

அக்கா விடவில்லை. இன்னொரு நீலக் குல்லாவை அன்று மாலையே சவர்க்காரம் போட்டுத் துவைத்தார். கல்லில் தேய்த்தார், மறுபடி துவைத்தார், அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் காயவைத்தார். மறுநாள் அது பழங்குப்பை மாதிரிதான் இருந்தது. பெரியாயி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாயம் போனா பழசா மதினி? இத எந்தப் புள்ள போட்டுச்சு?"

அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு பெயரைச் சொல்லியிருப்பேன்.

அதே திங்கட்கிழமைதான் மிட்வைஃப் மிஸ் தராசோடு வந்தார். ஒரு கிலோ எண்ணூறு. வீட்டுக்கு வந்து ஏறவேண்டிய பிள்ளை ஐம்பது கிராம் இறங்கியிருந்தது. உடம்புச் சூடு முழுக்கத் தலைவழியே போகிறது, தலையைக் கம்பளியால் மூடுங்கள் என்று மிஸ் படித்துப் படித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் ஏறாவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு எழுதுவேன் என்றார். மிஸ் இருக்கும்வரை நீலக் குல்லா தலையில் இருந்தது. அவர் படியிறங்கியதும் பெரியாயி அதைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பிள்ளைக்குத் திருநீறு பூசினாராம். நிரஞ்சலா போனில் அழுதாள். "நான் என்னத்த செய்ய அத்த? போட்டு ஏதாவது ஆச்சுன்னா என்னையத்தான சொல்லுவாங்க. எனக்கே பயமா இருக்கு."

செவ்வாய்க்கிழமை பிள்ளைமடுவத்தைப் பூட்டிவிட்டு வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்து குல்லாக்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முடிந்திருந்தது, மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன செய்றீங்க?"

"நாய்க்குட்டிக்குச் சட்டை பின்னப்போறேன். அதுங்களுக்கு முப்பதும் இல்ல, நாப்பதும் இல்ல."

இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது எனக்கு வாயில் வந்துவிட்டது. "ஆமா, அவுத்துத் தள்ளுங்க! அவுத்துப் போட்டா நூலு பழசாயிருமா? அந்தப் புள்ளைக்குச் சூடு வந்துருமா?"

இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா தன் மடியில் நெளிநெளியாகக் கிடந்த நூலைப் பார்த்தார்.

"புதுச அவுத்தா பழசாகாது," என்றார். "பழச அவுத்தா?"

எனக்கு விளங்கவில்லை.

"வளந்த புள்ள போட்ட சுவெட்டர அவுத்து, அந்த நூலுல குல்லா பின்னுனா அது புதுசா, பழசா?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "றீட்டா, ஒங்க நிலக்ஷனாவுக்கு நான் அனுப்புன மஞ்ச சுவெட்டர் இருக்கா?"

இருந்தது. என் கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தது. என் மகள் நிலக்ஷனாவுக்கு மூன்று வயதாகும்போது ஜோர்தானிலிருந்து வந்த சுவெட்டர், அக்கா ஊசி பிடித்து முதன்முதலாக முழுசாகப் பின்னியது. கைகளை மட்டும் அளவுக்கு மேல் நீளமாகப் பின்னியிருந்தார். மடித்து மடித்து ஐந்து வயதுவரை போட்டாள். இப்போது அவளுக்கு இருபத்தொன்று. கட்டுநாயக்காவில் தையல் பெக்டரியில் வேலை. இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கும் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் "சாப்பிட்டீங்களா, சரிம்மா" என்று வைத்துவிடுவாள். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சுவெட்டர்தான்.

"வேற புள்ளைங்க சுவெட்டரே இல்லையா தோட்டத்துல?"

"எல்லாம் கடச் சுவெட்டர். வெட்டித் தைச்சது. அவுத்தா முழம் முழமாத்தான் வரும். கையால பின்னுனது ஒரே நூலா வரும். இங்க ஒரு புள்ளைக்கு நான் பின்னுனது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் லரீபாட்ட போயிருச்சு."

"முடியாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்க முடியவில்லை. அடுத்தவர் பிள்ளைக்காக என் வீட்டுப் பெட்டியில் ஏன் கைவைக்க வேண்டும்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்து என் பிள்ளை தூரப்போனதுதான் மிச்சம். இப்படியெல்லாம் எனக்குள் ஓடியது, மறைப்பதற்கில்லை. நிரஞ்சலாவின் வீடு எங்களுக்கு மேல்லயம்; அங்கே பிள்ளை அழுதால் இங்கே கேட்கும். அன்று பூராவும் சத்தமே இல்லை. பத்தொன்பது வருடத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அழுகிற பிள்ளைக்கு நான் பயப்படுவதில்லை. அழச் சத்தில்லாமல் கிடக்கிற பிள்ளையைக் கண்டால்தான் பயம்.

பெட்டியைத் திறந்து சுவெட்டரைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் போட்டேன். "எடுங்க. ஒண்ணும் பேசாதீங்க."

அக்கா கழுத்துப்பட்டியில் முடிச்சைத் தேடிக் கத்தரித்து இழுத்தார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அவர் நூலை என் கைகளில் சுற்றிக்கொண்டே போனார். கழுத்து போனது. நெஞ்சில் நிலக்ஷனா பருப்புக் கொட்டிய கறை வந்து, வரிசை வரிசையாக என் மணிக்கட்டுக்கு ஏறியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைக்கக் கையும் இல்லை.

சுவெட்டரின் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தபோது, "நிறுத்துங்க" என்றேன். "அத அவுக்காதீங்க. நூலுருண்டைய மட்டும் காட்டுனா அந்தம்மா நம்பாது. சாட்சிக்கு அந்தக் கை இருக்கட்டும்."

புதன்கிழமை பின்னேரம் குல்லா முடிந்தது. ஒரு ஆரஞ்சுத் தோடம்பழத்துக்குப் போடுகிற அளவு. பெரியாயி குல்லாவை வாங்கவில்லை, முதலில் சுவெட்டர்க் கையைத்தான் வாங்கினார். முழங்கையில் நான் வேறு நூலால் தைத்த ஒட்டைத் தடவினார். மூக்கில் வைத்து மோந்தார். குல்லா நூலையும் கை நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னிடம் விசாரணை தொடங்கியது.

"ஒங்க மகளுக்கு வலிப்பு கிலிப்பு?"

"இல்ல."

"மாந்தம்?"

"ஒரு நாளும் இல்ல."

"அம்மை போட்டுச்சா?"

"தடுமல்கூட ஒழுங்கா வந்ததில்ல. இன்னைக்கு வரைக்கும் கல்லு மாதிரி இருக்கா. பெத்தவளைத்தான் நெனைப்பில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்ல நினைக்கவில்லை. பெரியாயி என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் கட்டில் பக்கம் போய், வேட்டித் துண்டை எடுத்துவிட்டு, மஞ்சள் குல்லாவைப் பிள்ளையின் தலையில் இழுத்துக் காதுவரை மூடினார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. சுவெட்டர்க் கையையும் திருப்பித் தரவில்லை, பிள்ளையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தராசில் ஒரு கிலோ எண்ணூற்றறுபது. மிஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதவில்லை. அடுத்த செவ்வாய் ஒன்று தொள்ளாயிரத்து ஐம்பது. தலை வளர வளர அக்கா மிச்ச மஞ்சள் நூலில் குல்லாவுக்குக் கரை சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நிரஞ்சலா எடுத்த படத்தை லரீபாவுக்கு அனுப்பினோம். உடனே போன் வந்தது.

"நல்ல வடிவா இருக்கு அக்கா. ஆனா இது எங்கட நூல் இல்லையே. மஞ்சள் நாங்க தரவே இல்ல. அவங்க கேட்டா நான் என்ன சொல்ற?"

அக்கா பொறுமையாகச் சொன்னார். "புது நூலு வேணாம் லரீபா. வளந்த புள்ளைங்க போட்ட, கையால பின்னுன பழைய சுவெட்டரா அனுப்பச் சொல்லுங்க. நான் அவுத்துப் பின்னித் தாறேன்."

"பழசக் குடுக்கிறது மரியாதை இல்லன்னு நெனைப்பாங்க அக்கா. நல்லது செய்றவங்க புதுசாத்தானே குடுப்பாங்க?"

நான் போனைப் பறித்து, மரியாதை யாருக்கு வேண்டும், பிள்ளைக்கா கொடுக்கிறவருக்கா என்று கேட்டேன். எழுதிப் பார்க்கிறேன் என்றார் லரீபா. அவர்மேலும் பிழையில்லை, கடையை வைத்துக்கொண்டு சும்மா கிடைக்கும் நேரத்தில் ஓடுகிறவர். பதில் இன்றுவரை வரவில்லை. புது நூல் ஒரு பை வந்தது. நல்ல மெதுவான நீலம். அக்கா அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

முப்பதாம் நாள் வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் அழைப்பு. பிள்ளையைக் குளிப்பாட்டிப் பழைய துணியெல்லாம் களைந்து புதுச்சட்டை போட்டார்கள். பெரியாயி ஆணியிலிருந்து அந்தப் பையை எடுத்தார். உள்ளே இருந்த நீலக் குல்லாவுக்குப் பொட்டு வைத்தார். அதை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

"மதினி, நீங்க பின்னுனது. நீங்களே போடுங்க."

அக்கா கையை நீட்டவில்லை. பிள்ளை இல்லாதவரிடம் முப்பது கழிக்கும் வீட்டில் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். தள்ளித்தான் நிற்கச் சொல்வார்கள். மற்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியாயி நீட்டிய கையை எடுக்கவில்லை.

அக்கா வாங்கிப் பிள்ளையின் தலையில் வைத்தார். குல்லா காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. மெல்ல இழுத்தார். துள்ளி மேலேறிக் கட்டிலில் விழுந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டது, அடுத்த லயத்துக்குக் கேட்கும்படி. புதுத்துணி பிள்ளைக்குச் சேரவில்லையே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நான் பெரியாயி முகத்தைப் பார்த்தேன். அவர் அக்கா முகத்தைப் பார்த்தார்.

"தல பெருத்துருச்சு மதினி," என்றார் அக்கா. "புள்ள வளந்துருச்சு. பத்தல."

பெரியாயி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தரையில் உட்கார்ந்து, நீலக் குல்லாவை மடியில் வைத்து, நூல் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். கோபமில்லாமல் அவர் ஒரு குல்லாவை அவிழ்ப்பதை அன்றுதான் பார்த்தேன். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. யாரும் அதை ஓய்க்க அவசரப்படவில்லை.

"பாத்துக்கிட்டு நிக்காத றீட்டா," என்றார். "கைய நீட்டு."